பொய் வழக்கில் தண்டனை ஆகிவிட்டதா? கரையோரக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று ராமநாதபுரம் மாவட்டக் கரையோரத்தில் எந்த ஊருக்குப் போனாலும் எங்களிடம் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. கட்டணம் வாங்காமல் மேல்முறையீட்டுக்கு உதவும் ஒரு சிறு குழுவில், வழக்குக் கட்டுகளைப் படித்துக் குறிப்பெடுத்துக் கொடுப்பது என் வேலை. இங்கே இருப்பது பொதுவான விளக்கம். உங்கள் வழக்கில் என்ன செய்யலாம் என்பதைக் கட்டைப் படித்த வக்கீல்தான் சொல்ல முடியும்.

பொய் கேஸ்ல உள்ள போனவங்கள வெளிய எடுக்கிறவங்கன்னு சொன்னாக. நீங்க வக்கீலா, சங்கமா, கட்சியா?

கட்சி இல்லை. வக்கீல்கள் சிலர், சட்டக் கல்லூரி மாணவர்கள் சிலர், என்னைப் போல வெளியாட்கள் சிலர். வெளியே எடுப்பது நாங்கள் அல்ல, நீதிமன்றம். செய்யாத குற்றத்துக்கு ஒருவருக்குத் தண்டனை ஆகியிருக்கிறது என்று நம்ப இடமிருந்தால், அந்தத் தீர்ப்பில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடி, அதை மேல் கோர்ட்டில் எடுத்து வைக்க உதவுகிறோம்.

இந்த வகை வேலை உலகம் முழுவதும் நடக்கிறது. 1992-இல் நியூயார்க்கில் கார்டோசோ சட்டக் கல்லூரியில் பேரி ஷெக், பீட்டர் நியூஃபெல்ட் என்ற இரண்டு வக்கீல்கள் தொடங்கிய இன்னசென்ஸ் புராஜெக்ட்தான் பலருக்கும் முன்மாதிரி. இந்தியாவில், தில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய புராஜெக்ட் 39ஏ மரண தண்டனைக் கைதிகளுக்காக உச்ச நீதிமன்றம் வரை வாதாடியிருக்கிறது. நாங்கள் அவ்வளவு பெரிய ஆட்கள் இல்லை.

செலவு எவ்வளவு ஆகும்? மறைக்காம சொல்லுங்க.

எங்களுக்கு ஒன்றும் தர வேண்டாம். மதுரைக்கு வந்து போகிற பஸ் செலவு, ஜெராக்ஸ் செலவு உங்களுடையது. அதுவும் முடியாது என்றால் சொல்லுங்கள், பார்த்துக்கொள்ளலாம்.

எங்களிடம் வராவிட்டாலும் உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி, காவலில் அல்லது சிறையில் இருக்கும் யாருக்கும் சட்ட உதவி கிடைக்கும். அவருக்கு வருமானம் எவ்வளவு, வீடு இருக்கிறதா, படகு இருக்கிறதா என்ற கணக்கெல்லாம் அங்கே கிடையாது. ராமநாதபுரம் கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். தாலியை அடகு வைத்த பிறகு வந்து இதைக் கேட்பவர்கள்தான் அதிகம் என்பதால் இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

இலவச வக்கீல்னா ஏனோதானோன்னு நிப்பாருங்கிறாகளே?

அப்படி நிற்பவரும் உண்டு, உயிரைக் கொடுத்து வாதாடுபவரும் உண்டு. காசு வாங்கும் வக்கீல்களிலும் இதே இரண்டு ரகம்தான். சட்ட உதவியில் வந்த வக்கீல் கட்டைப் படிக்கவே இல்லை என்று தெரிந்தால், வேறொருவரை நியமிக்கக் கேட்டு ஆணைக்குழுவுக்கு எழுதலாம். கைதியே சிறையிலிருந்து எழுதலாம். எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு வந்து எத்தனை நாளுக்குள்ள அப்பீல் போடணும்? எங்களுக்கு ரெண்டு வருசம் ஆயிருச்சு.

மாஜிஸ்திரேட் கோர்ட் தண்டனைக்கு எதிராகச் செஷன்ஸ் கோர்ட்டில் என்றால் 30 நாள். செஷன்ஸ் கோர்ட் தண்டனைக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் என்றால் 60 நாள். மரண தண்டனை என்றால் அங்கேயும் 30 நாள்தான். நம் மாவட்டத்துக்கு உயர் நீதிமன்றம் என்றால் மதுரைக் கிளை. சிறைத்தண்டனை விதித்தால் தீர்ப்பு நகலை இலவசமாக அப்போதே கொடுக்க வேண்டும். அந்த நகல் எங்கே என்று கேட்டால் பாதிக் குடும்பங்கள் முழிக்கின்றன. சிறையில் அவருடைய பெட்டியில் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

இரண்டு வருடம் ஆகிவிட்டது என்பதற்காகக் கதவு அடைபட்டுவிடாது. தாமதத்தை மன்னிக்கக் கோரி, காரணம் சொல்லித் தனி மனு போட வேண்டும். ஜெயிலில் இருப்பவர், காசில்லாதவர், யாரும் வழி சொல்லாதவர் என்றால் கோர்ட் பெரும்பாலும் கருணையோடு பார்க்கும். கைதி, சிறை அதிகாரி மூலமாகவே மேல்முறையீட்டை அனுப்பவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. எழுத்துப்பூர்வமான காரணம் வேண்டும், அவ்வளவுதான். 'வீட்டில் துக்கம்' என்று ஒரு வரி எழுதினால் போதாது. எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று இருக்க வேண்டும்.

அப்பீல்ல என்னதான் நடக்கும்? திரும்ப மொதல்ல இருந்து சாட்சியெல்லாம் கூப்பிடுவாகளா?

கூப்பிட மாட்டார்கள். கீழ் கோர்ட்டில் பதிவான வாக்குமூலங்கள், குறியீடு செய்த ஆவணங்கள், தீர்ப்பு, இவற்றை வைத்துத்தான் விசாரணை. நீதிபதிகள் அ.சா.1 (அரசுத் தரப்பின் முதல் சாட்சி) என்ன சொன்னார், அ.சா.2 என்ன சொன்னார் என்று தாளில் இருப்பதைப் படித்து, அதை வைத்துத் தண்டனை நிற்குமா என்று பார்ப்பார்கள். உங்களைக் கேட்க மாட்டார்கள். நீங்கள் கோர்ட்டில் அழுதாலும் அது பதிவில் ஏறாது.

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: நடந்தது என்ன என்பதை முழுக்கத் திரும்ப அலசுகிற இடம் இந்த முதல் மேல்முறையீடுதான். இதற்குமேல் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் அங்கே போவதற்கே சிறப்பு அனுமதி கேட்க வேண்டும், எல்லா வழக்கையும் எடுக்க மாட்டார்கள். 'இங்கே தோற்றாலும் டெல்லியில் பார்த்துக்கலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மதுரையில் நிற்கும் வக்கீல் கட்டை வரிவரியாகப் படித்திருக்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அப்பீல் முடியிற வரைக்கும் உள்ளதான் இருக்கணுமா?

கட்டாயம் இல்லை. மேல்முறையீட்டோடு சேர்த்துத் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்டு மனு போடலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 430-ஆவது பிரிவு. ஆயுள், பத்து வருடம் அல்லது அதற்கு மேல் தண்டனை என்றால் அரசு வக்கீலின் எதிர்ப்பைக் கேட்காமல் விட மாட்டார்கள். முதல் மனு தள்ளுபடியானாலும் பிறகு மறுபடி போடலாம். மேல்முறையீடு வருடக்கணக்கில் நிலுவையில் கிடக்கிறது என்பதே பிறகு ஒரு காரணமாகும்.

மொதல்ல பார்க்க வர்றப்ப என்னென்ன கொண்டாரணும்?

இருக்கிற காகிதம் எல்லாம். பிரித்து அடுக்க வேண்டாம், 'இது வேண்டாததுன்னு' தூக்கிப் போடவும் வேண்டாம். முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, சாட்சி வாக்குமூலங்கள், பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதிய குறிப்பு), மாதிரி வரைபடம் (அந்த இடத்தின் படம்), பிரேதப் பரிசோதனை அறிக்கை, தீர்ப்பு. பழைய வக்கீலிடம் கட்டு இருந்தால் சண்டை போடாமல் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கோர்ட்டில் நகல் மனு போட்டு வாங்கலாம். வழக்கின் சி.என்.ஆர். எண் (ஒவ்வொரு வழக்குக்கும் கோர்ட் தரும் தனி எண்) தெரிந்தால் இ-கோர்ட்ஸ் செயலியில் வாய்தா விவரமும், பல சமயம் தீர்ப்பும் கிடைக்கும்.

அந்தக் கட்டில் நாங்கள் என்ன தேடுகிறோம் என்று பலர் கேட்பதால் ஒன்று சொல்கிறேன். ஒரு கொலை வழக்கில் நேரில் கண்ட சாட்சி, மீன் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் தெருவிளக்கு வெளிச்சத்தில் எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரை வழக்கில் அப்படித்தான் சொல்வார்கள்) முகத்தைப் பார்த்தேன் என்கிறார். போலீஸ் வரைந்த மாதிரி வரைபடத்தில் ஏலக்கூடம் இருக்கிறது, வேப்பமரம் இருக்கிறது, கிணறுகூட இருக்கிறது. விளக்குக் கம்பம் இல்லை. பார்வை மகஜரிலும் இல்லை. தேதியைப் பார்த்தால் அமாவாசைக்கு மறுநாள். இதைக் கீழ் கோர்ட்டில் குறுக்கு விசாரணையில் ஒருவரும் கேட்கவே இல்லை.

இன்னொன்று, முதல் தகவல் அறிக்கையின் தலைப்பில் மாஜிஸ்திரேட் போட்டிருக்கும் சுருக்கொப்பமும் நேரமும். காலை 7 மணிக்குப் பதிவானதாகச் சொல்லப்படும் அறிக்கை, நடந்தே போகிற தூரத்தில் இருக்கும் கோர்ட்டுக்கு நள்ளிரவில் போய்ச் சேர்ந்திருந்தால், நடுவில் அவ்வளவு நேரம் என்ன நடந்தது என்ற கேள்வி எழும். பெயர்கள் யோசித்துச் சேர்க்கப்பட்டனவா? அந்தச் சந்தேகத்துக்குப் போலீஸ் பதில் சொல்ல வேண்டும்.

ஊருக்கே தெரியும் அவன் செய்யலைன்னு. ஊர்ல எல்லாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றோம். போதாதா?

போதாது. அந்த மனுவைக் கோர்ட் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாது. ஆனால் கையெழுத்துப் போட வந்தவர்களில் யாராவது அன்று அந்த இடத்தில் இருந்தவரா, அவரைப் போலீஸ் விசாரித்ததா, குற்றப்பத்திரிகையில் சாட்சியாகச் சேர்த்துவிட்டுக் கோர்ட்டில் விசாரிக்காமல் விட்டார்களா என்பது முக்கியம். ஊர்க்கூட்டத்தில் பேசுவதை விட்டு அந்த ஒருவரை அழைத்து வாருங்கள்.

அன்னைக்கு ராத்திரி என் மகன் கடல்ல இருந்தான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

கரையோரத்தில் எங்களுக்கு அதிகம் வரும் வாதம் இது. சம்பவ நேரத்தில் வேறு இடத்தில் இருந்தேன் என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு நம் மேல்தான். கூடப் போன ஆட்கள் சொன்னால் 'ஒரே படகுக்காரர்கள், சொந்தக்காரர்கள்' என்று தள்ளிவிடுவார்கள். அதனால் காகிதம் வேண்டும். விசைப்படகு என்றால் கடலுக்குப் போக மீன்வளத் துறை கொடுத்த டோக்கன், மானிய டீசல் பிடித்த கணக்கு, ஐஸ் கம்பெனிப் பில், கரைக்கு வந்ததும் கம்பெனிக்காரர் எழுதிய எடைச் சீட்டு. நாட்டுப்படகு, வல்லம் என்றால் இவற்றில் பாதி இருக்காது. வியாபாரியின் கணக்கு நோட்டைத் தேட வேண்டியிருக்கும்.

நாளையும் பாருங்கள். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 2017-க்கு முன் அது 45 நாள், மே 29-இல் முடிந்துவிடும். மே மாதம் நடந்த சம்பவத்துக்கு 'விசைப்படகில் கடலில் இருந்தான்' என்று வாதாடினால் நாமே குழிவெட்டிக்கொள்வது போல ஆகும். இதே கணக்கு எதிர்ப்பக்கமும் பாயும். ஜூன் முதல் வாரம் விசைப்படகிலிருந்து இறங்கி வந்தபோது பார்த்தேன் என்று அரசுத் தரப்புச் சாட்சி சொல்லியிருந்தால், அவர் எந்த வருடத்தைச் சொல்கிறார் என்று பாருங்கள்.

இந்த வாதத்தை விசாரணைக் கோர்ட்டிலேயே வைத்திருக்க வேண்டும். சாட்சிகள் முடிந்ததும் நீதிபதி எதிரியிடம் ஒவ்வொரு சாட்சியமாகச் சொல்லி 'இதற்கு என்ன சொல்கிறீர்' என்று கேட்பார். அந்த இடத்தில் நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் 'பொய்' என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு வந்திருப்பார்கள். கடலில் இருந்ததை அங்கே சொல்லாமல் மதுரையில் முதல் தடவையாகச் சொன்னால், பிறகு யோசித்துச் செய்த கதை என்று பார்ப்பார்கள். வழக்கு இன்னும் கீழ் கோர்ட்டில் நடக்கிறது என்றால் இன்றைக்கே இதை உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள்.

ஸ்டேஷன்ல அடிச்சு ஒத்துக்க வச்சுட்டாக. கையெழுத்தும் போட்டுட்டான். அதோட முடிஞ்சுதா?

இல்லை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. வெள்ளைக்காரன் காலத்துச் சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. ஆனால் ஒரு சந்து உண்டு. அவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அந்தப் பொருளைக் காட்டிய பகுதி மட்டும் செல்லும். அரிவாள் எடுத்துக் கொடுத்தான், ரத்தம் தோய்ந்த சட்டையை எடுத்துக் கொடுத்தான் என்று மகஜர் எழுதுவது அதற்குத்தான். எனவே எல்லோரும் போய் வருகிற திறந்த இடத்தில் எடுத்ததா, மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் கோர்ட்டில் அதே மாதிரி சொன்னாரா என்று பார்க்கிறோம்.

தமிழ்நாட்டு வழக்குகளில் இன்னொரு வகை அடிக்கடி வரும். எதிரி தானாகவே வி.ஏ.ஓ. முன்னால் போய் 'நான்தான் செய்தேன்' என்று சொன்னதாக எழுதியிருப்பார்கள். வி.ஏ.ஓ. போலீஸ் இல்லை என்பதால் மேலே சொன்ன தடை இதற்குப் பொருந்தாது. இருந்தாலும் இது பலவீனமான சாட்சியம், வேறு ஆதரவு வேண்டும் என்றுதான் கோர்ட்டுகள் சொல்லி வந்திருக்கின்றன. முன்பின் பழக்கமில்லாத அதிகாரியிடம் போய் ஒருவன் ஏன் கொலையை ஒப்புக்கொள்வான் என்ற எளிய கேள்வியிலேயே இது பல தடவை உடைந்திருக்கிறது.

எங்க காக்கா (அண்ணன்) வண்டி ஓட்டப் போனவரு மட்டும்தான். மூட்டையில என்ன இருந்துச்சுன்னே அவருக்குத் தெரியாது. பத்து வருசம் போட்டுட்டாக.

கஞ்சா, வேறு போதைப்பொருள் என்றால் சட்டம் தலைகீழாக இருக்கிறது. பொருள் கைவசம் இருந்தது என்று காட்டிவிட்டால், 'எனக்குத் தெரியாது' என்பதை எதிரிதான் நிரூபிக்க வேண்டும். எனவே முதலில் கைவசம் இருந்தது நிரூபணம் ஆகியிருக்கிறதா, மாதிரி எடுத்ததும் முத்திரை வைத்ததும் மாஜிஸ்திரேட் முன் முறைப்படி நடந்ததா, ஆய்வகத்துக்குப் போனது அதே பொட்டலம்தானா என்று தேடுவோம். வண்டி யாருடையது, வாடகைக்குப் பேசியது யார், போனில் யார் அழைத்தார் என்பதற்கு அன்றே சேகரித்த ஆதாரம் இருந்தால் அது தங்கம்.

மற்றொன்று: மத்திய அரசின் போதைத் தடுப்பு அதிகாரிகளிடம் கொடுத்த வாக்குமூலத்தை வைத்தே முன்பெல்லாம் தண்டித்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன தூஃபான் சிங் வழக்கில் 2020 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம், அந்த அதிகாரிகளும் போலீஸ் போலத்தான், அவர்களிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்று தீர்ப்பளித்தது. உங்கள் காக்காவின் தண்டனை அப்படிப்பட்ட வாக்குமூலத்தின் மேல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடல் அட்டை வழக்கு என்றால் இது வேறு சட்டம். 2001 முதல் அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடக்கும், எனவே மேலே சொன்ன 30 நாள் கணக்கு. தாத்தா காலத்திலிருந்து எடுத்தோம் என்பது வாதமே ஆகாது. எடுத்தது அவர்தானா என்பதில்தான் வாதம்.

டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தா உண்மை தெரிஞ்சிருமே. அமெரிக்காவுல அப்படித்தான் விடுறாகளாமே?

அங்கே அப்படிப் பலர் வெளியே வந்தது உண்மை. 1989 முதல் அந்நாட்டில் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் தண்டனைக்குப் பிறகு நிரபராதிகள் என்று விடுவிக்கப்பட்டிருக்கிறார்கள். அதில் டி.என்.ஏ.யால் வந்தவர்கள் ஒரு பகுதிதான். மற்றவர்கள் பொய்ச் சாட்சி, தவறான அடையாளம், அதிகாரிகளின் முறைகேடு வெளிவந்ததால் வந்தவர்கள். தண்டனைக்குப் பிறகு டி.என்.ஏ. சோதனை கேட்க அங்கே சட்டம் இருக்கிறது, நம்மிடம் இல்லை. ரத்தக்கறை படிந்த துணியை வருடக்கணக்கில் கெடாமல் வைத்திருப்பதும் இங்கே அரிது.

இங்கே டி.என்.ஏ. பெரும்பாலும் எதிர்த்திசையில்தான் வருகிறது, தண்டிப்பதற்கு. தேனி சுருளி அருவியில் 2011-இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கைப் பாருங்கள். விசாரணைக் கோர்ட் மரண தண்டனை விதித்தது, மதுரைக் கிளை அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் தண்டிக்கப்பட்டவரை விடுதலை செய்தது. மாதிரிகளை எடுத்தது முதல் ஆய்வகம் போனது வரை அவை யார் கையில், எந்த நிலையில் இருந்தன என்று அரசுத் தரப்பால் சொல்ல முடியவில்லை. அந்தத் தீர்ப்பிலேயே நாடு முழுவதற்கும் உத்தரவு போட்டார்கள்: மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போக வேண்டும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவேடு இருக்க வேண்டும். எனவே 'டி.என்.ஏ. பொருந்திவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது' என்று யாராவது சொன்னால் அந்தப் பதிவேட்டைக் கேளுங்கள்.

சாட்சி சொன்னவரே இப்ப வீடு தேடி வந்து, போலீஸ் சொல்லிக் கொடுத்துத்தான் சொன்னேன்னு அழுவுறாரு. அவர எழுதித் தரச் சொல்லவா?

சொல்லாதீர்கள். ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், அவரைத் தனியாகச் சந்திக்கவும் செய்யாதீர்கள். சாட்சியைக் கலைத்ததாக உங்கள் மேல் புது வழக்கு வரும், உள்ளே இருப்பவருக்கும் கெடுதல். சத்தியப் பிரமாணம் செய்து பொய் சொன்னேன் என்று அவர் ஒப்புக்கொண்டால் அவருக்கே தண்டனை வரக்கூடும். அதையும் அவருக்கு ஒரு வக்கீல் சொல்லியிருக்க வேண்டும்.

வழி இருக்கிறது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது கூடுதல் சாட்சியம் எடுக்க மேல் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் தண்டனைக்குப் பிறகு மனம் மாறுகிற சாட்சியை நீதிபதிகள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள், அந்தச் சந்தேகத்தில் நியாயமும் இருக்கிறது. அவர் இப்போது சொல்வதைத் தாங்கிப் பிடிக்க அவரல்லாத ஒன்று வேண்டும்: அன்று அவர் வேலைக்குப் போன வருகைப் பதிவேடு, ஆஸ்பத்திரிச் சீட்டு, இப்படி ஏதாவது.

உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயித் தோத்தாச்சு. இனி ஒண்ணுமே இல்லையா?

மிகக் குறுகிய வழிகள் இருக்கின்றன. அதே நீதிமன்றத்தில் மறுஆய்வு மனு, அதற்கும் பிறகு குறைதீர்வு மனு. பெரும்பாலும் தள்ளுபடிதான். ஆனால் மகாராஷ்டிரத்தில் நாடோடிப் பழங்குடியினர் ஆறு பேருக்கும் மரண தண்டனை என்று 2009-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அவர்களில் மூவரின் ஆயுள் தண்டனையை அந்தத் தீர்ப்புதான் மரண தண்டனையாக உயர்த்தியது. 2019 மார்ச் 5 அன்று மறுஆய்வில் அதே நீதிமன்றம் ஆறு பேரும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது, ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது. 16 வருடம் போய்விட்டிருந்தது.

இன்னொரு வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அது வயது. சம்பவ நாளில் 18 நிரம்பாதவர் என்ற கோரிக்கையை எந்த நிலையிலும், இறுதித் தீர்ப்புக்குப் பிறகும் எழுப்பலாம். 1994-இல் புனேயில் நடந்த கொலைகளுக்காக மரண தண்டனை பெற்ற ஒருவருக்கு அப்போது வயது 12 ஆண்டு 6 மாதம்தான் என்று ராஜஸ்தான் பள்ளிச் சான்றை வைத்து 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 28 வருடம் கழித்து வெளியே வந்தார். சட்டம் முதலில் பார்ப்பது பள்ளிச் சான்று, அடுத்து பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. படிப்பை நாலாம் வகுப்போடு விட்டவராக இருந்தாலும் அந்தப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு எங்கேயாவது இருக்கும். கோயிலில் ஞானஸ்நானப் பதிவேடு இருந்தால் அதையும் நகல் எடுங்கள். அது தனியாக நிற்காவிட்டாலும் தேட உதவும். 16 முதல் 18 வயதுக்குள், குற்றம் கொடுங்குற்றம், சம்பவம் 2015 சட்டத்துக்குப் பிறகு என்றால் கணக்கு கொஞ்சம் மாறும்.

எங்க வீட்டுக்காரர் இலங்கை ஜெயில்ல இருக்காக. அவுக கேஸ எடுப்பீங்களா?

நேரடியாக எடுக்க முடியாது. அங்கே அந்த நாட்டுச் சட்டம், அந்த நாட்டு வக்கீல். கொழும்பில் இந்தியத் தூதரகமும் யாழ்ப்பாணத்தில் துணைத் தூதரகமும் இருக்கின்றன. கைதியைப் பார்க்கவும் வக்கீல் ஏற்பாடு செய்யவும் அவர்களை அணுக வேண்டும். மனு எழுத உதவுவோம். எல்லை தாண்டியதாகச் சொல்லும் வழக்குகளில் பெரும்பாலும் ஒப்புக்கொண்டு, ஒத்திவைத்த சிறைத்தண்டனையோடு வந்துவிடுகிறார்கள். சீக்கிரம் வீடு வரலாம் என்பதால் யாரும் யோசிப்பதில்லை. அடுத்த தடவை பிடிபட்டால் அந்தப் பழைய தண்டனையும் சேர்ந்து எழுந்து வரும். 2024-இல் படகோட்டிகளுக்குச் சிறை போட்டதும், ராமேஸ்வரத்து மீனவர்கள் அந்த வருடக் கச்சத்தீவுத் திருவிழாவைப் புறக்கணித்ததும் நினைவிருக்கும். எஞ்சின் பழுதாகி நீரோட்டத்தில் போனது உண்மை என்றால், ஒப்புக்கொள்வதற்கு முன்னால் அதை அங்குள்ள வக்கீலிடம் சொல்லச் சொல்லுங்கள்.

தங்கச்சிமடம் ஐந்து மீனவர்கள் விஷயத்தை இங்கே எல்லோரும் சொல்வார்கள். 2011-இல் ஹெராயின் கடத்தியதாகப் பிடிபட்டு, 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு உயர் நீதிமன்றத்தில் மரண தண்டனை. கரையெங்கும் போராட்டம். மேல்முறையீடு தாக்கலாகி, பிறகு திரும்பப் பெறப்பட்டு, நவம்பரிலேயே ஜனாதிபதியின் மன்னிப்பில் வீடு வந்தார்கள். உயிர் தப்பியது பெரிது. ஆனால் மன்னிப்பு என்பது தண்டனையிலிருந்து விடுவிப்பது. குற்றம் செய்யவில்லை என்று எந்தக் கோர்ட்டும் சொன்னதாக ஆகாது. நம் நாட்டிலும் ஆளுநர், குடியரசுத் தலைவர் தரும் மன்னிப்பும், நன்னடத்தைக்கான முன்விடுதலையும் இதே கணக்குதான். தூக்குக் கயிறு நெருங்கும்போது யாரும் இதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள், பார்க்கவும் கூடாது.

நிரபராதின்னு விட்டுட்டா, போன வருசங்களுக்கு அரசாங்கம் என்ன குடுக்கும்?

தானாக ஒன்றும் கொடுக்காது. 2018-இல் சட்ட ஆணையம் தன் 277-ஆவது அறிக்கையில் தவறான வழக்குகளுக்கு இழப்பீடு தரத் தனிச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தச் சட்டம் இன்னும் வரவில்லை. உயர் நீதிமன்றம் அல்லது உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டுக் கேட்கலாம். 1983-இல் ருதுல் சா வழக்கில், விடுதலையான பிறகும் 14 வருடம் பீகார் சிறையில் கிடந்தவருக்கு 35,000 ரூபாய் தரச் சொன்னதுதான் தொடக்கம். இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 2018-இல் 50 லட்சம். அவர் தண்டிக்கப்பட்டவர் அல்ல, கைது செய்யப்பட்டவர் மட்டுமே. நடுவில் ஒரு அளவுகோலும் இல்லை. சந்தேகத்தின் பலனை அளித்து விடுவித்தார்கள் என்றால் இழப்பீடு கிடைப்பது இன்னும் கஷ்டம். போலீஸ் தெரிந்தே பொய்யாகச் செய்தது என்று தீர்ப்பிலேயே இருந்தால் வாய்ப்பு உண்டு.

ஒருவேளை அவரு நெசமாவே செஞ்சிருந்தா? எங்ககிட்டயே பொய் சொல்லியிருந்தா?

ஒரு அம்மா மட்டும்தான் இதை நேராகக் கேட்டார், மற்றவர்கள் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். கட்டைப் படித்த பிறகு, இது தப்பான தண்டனை இல்லை என்று தோன்றினால் நாங்கள் எடுப்பதில்லை, அதைச் சொல்லிவிடுகிறோம். அப்போதும் அவருக்கு மேல்முறையீடு செய்யும் உரிமை போகாது. சட்ட உதவி வக்கீல் வாதாடுவார், தண்டனை அதிகம் என்றாவது கேட்கலாம். எங்களிடம் சொன்னதை நாங்கள் வெளியே சொல்வதும் இல்லை.

இன்னொரு வகை உண்டு. தம்பி செய்ததற்கு அண்ணன் சரணடைந்து ஒப்புக்கொள்வது, முதலாளி செய்ததற்குக் கூலியாள் போவது. 'ஆறு மாசத்துல எடுத்துருவோம்'னு சொல்லி அனுப்பியிருப்பார்கள். உண்மையைச் சொல்லாமல் எங்களிடம் பாதிக் கதை சொன்னால் கட்டில் அது பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கும். எங்களுக்கு முன்னால் அரசு வக்கீலுக்கு அது தெரிந்துவிடும்.

அப்பீல்ல விடுதலை ஆகி வீட்டுக்கு வந்துட்டாரு. இன்னும் எதுக்கெடுத்தாலும் ஸ்டேஷன்ல கூப்பிடுறாக. என்ன செய்ய?

தீர்ப்பின் சான்றிட்ட நகல்கள் நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். ஸ்டேஷனில் அவர் பேரில் குற்றச் சரித்திரப் பதிவேடு திறந்திருந்தால், அதை மூடச் சொல்லி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தீர்ப்போடு மனு கொடுங்கள். பதில் வராவிட்டால் மதுரைக் கிளையில் ரிட் போடலாம். கூப்பிட்டால் எழுத்தில் சம்மன் கேளுங்கள், தனியாகப் போகாதீர்கள்.

கட்டிய அபராதத் தொகையைத் திரும்பக் கேட்கலாம். தீர்ப்பிலேயே பெரும்பாலும் அந்த வரி இருக்கும், கீழ் கோர்ட்டில் மனு போட்டு வாங்க வேண்டும். வழக்கில் பிடித்து வைத்த வண்டி, செல்போன், படகு எஞ்சின் இவற்றுக்கும் அதே கோர்ட்டில்தான் மனு. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் வழக்கு விவரம் கேட்டால் மறைக்காமல் எழுதி, விடுதலைத் தீர்ப்பை இணையுங்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போக நினைப்பவர்கள் இதை முதலிலேயே முடித்துவிட்டு ஏஜெண்டிடம் போவது நல்லது. விசா வந்த பிறகு போலீஸ் சான்று சிக்கினால் முன்பணம் திரும்பி வராது.